இல்ல ஊடக வழங்கியில் நிகழ்நேர மறுகுறியாக்கம்: காணொளிக் குறியாக்க முறைத் தேர்வு

ஆய்வுச் சுருக்கம்

வீட்டுக் கணினியொன்றில் சேமிக்கப்பட்ட காணொளிகளைத் தொலைக்காட்சி, கைப்பேசி, உலாவி ஆகியவற்றுக்கு வழங்கும் அமைப்பு இல்ல ஊடக வழங்கி எனப்படும். கோப்பின் குறியாக்க முறையைப் பெறும் கருவி அறியாதபோது, வழங்கி அதனை உடனுக்குடன் வேறொரு முறைக்கு மாற்றித் தருகிறது. இம்மாற்றத்திற்கு எம்முறை ஏற்றது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. மிகுதியாகச் சுருக்கும் முறையே சிறந்தது என்னும் கருத்து சேமிப்புக்குப் பொருந்தினும் நிகழ்நேர வழங்கலுக்குப் பொருந்துவதில்லை. அங்குக் காலவரம்பும் பெறும் கருவியின் திறனுமே தேர்வை முடிவுசெய்கின்றன.

திறவுச்சொற்கள்: குறியாக்கம், குறிநீக்கம், மறுகுறியாக்கம், பிட் வீதம், வன்பொருள் முடுக்கம், இல்ல ஊடக வழங்கி.

முன்னுரை

1920 × 1080 அளவுள்ள ஒரு சட்டகத்தில் 20,73,600 படப்புள்ளிகள் உள்ளன. புள்ளியொன்றுக்குச் சராசரியாக 12 பிட் எனக் கொண்டால், நொடிக்கு 25 சட்டகங்கள் ஓடும் காணொளிக்கு 62 கோடிப் பிட்டுகளுக்கு மேல் தேவைப்படும். அதனை நொடிக்கு 80 இலட்சம் பிட்டுகளில் அடக்குவதற்கு ஏறத்தாழ 78 மடங்கு சுருக்கம் வேண்டும். இச்சுருக்கத்தைச் செய்வது குறியாக்கம். சுருக்கியதை மீண்டும் படமாக விரிப்பது குறிநீக்கம். இவ்விரண்டையும் வரையறுக்கும் முறையே கோடெக் என வழங்கப்படுகிறது. ஒரு முறையில் உள்ளதைக் குறிநீக்கி மற்றொரு முறையில் மீண்டும் குறியாக்குவது மறுகுறியாக்கம் ஆகும். ஜெல்லிஃபின், பிளெக்ஸ் போன்ற வழங்கி மென்பொருள்கள் இப்பணியைப் பார்வையாளர் அறியாமலே செய்துவிடுகின்றன.

குறியாக்க முறைகளின் வளர்ச்சி

2003இல் தரப்படுத்தப்பட்ட எச்.264, சட்டகத்தை 16 × 16 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பகுத்துக்கொள்கிறது. 2013இல் வந்த எச்.265இல் கட்டம் 64 × 64 வரையிலும், 2018இல் வெளியான ஏவி1இல் 128 × 128 வரையிலும் விரியலாம். ஒரு கட்டத்தை அதன் அண்டைப் புள்ளிகளிலிருந்து ஊகிப்பதற்கு எச்.264, 4 × 4 கட்டங்களில் 9 வழிகளைத் தருகிறது, எச்.265 தருவன 35. தெரிவுகள் பெருகுவதால் சுருக்கம் கூடுகிறது. எச்.264 தரும் தரத்தை ஏறத்தாழப் பாதிப் பிட் வீதத்தில் எட்டுவதே எச்.265இன் இலக்காக இருந்தது. ஆயினும் ஒவ்வொரு தெரிவையும் சோதித்து நல்லதைத் தேர்வது குறியாக்கியின் வேலை. எனவே சுருக்கம் கூடும்போது கணக்கீட்டுச் சுமையும் கூடுகிறது.

காலவரம்பு

நொடிக்கு 25 சட்டகங்கள் என்றால், ஒரு சட்டகத்துக்குக் கிடைக்கும் காலம் 40 மில்லிநொடி. குறிநீக்குதல், அளவு மாற்றுதல், மீண்டும் குறியாக்குதல் ஆகிய மூன்றும் சராசரியாக அக்காலத்துக்குள் முடிய வேண்டும். மென்பொருள் வழியில் ஒரே செயலியைக் கொண்டு இருவருக்கு இருவேறு காணொளிகளை மாற்றித் தருவதாயின், ஒவ்வொரு சட்டகத்துக்கும் 20 மில்லிநொடியே எஞ்சும். வேகம் இதற்குக் குறையின் படம் நின்று நின்று ஓடும்.

சேமிப்புக்காகக் குறியாக்குபவர் இரவு முழுதும் காத்திருக்கலாம், பார்வையாளர் காத்திருக்கமாட்டார். இதனால் நிகழ்நேரத்தில் குறியாக்கி தன் தேடலைக் குறுக்கிக்கொள்கிறது. எக்ஸ்264 மென்பொருளில் இதற்கென வேகநிலைகள் வரிசையாக அமைக்கப்பட்டுள்ளன. விரைவான நிலையில் அதே தரத்துக்குப் பிட்டுகள் மிகுதியாகச் செலவாகின்றன. விரைவு நிலையில் இயக்கப்படும் எச்.265 குறியாக்கியும் தன் மேம்பாட்டில் ஒரு பகுதியை இழக்கிறது. ஆகவே தாளில் காணும் சுருக்கத்திறனை அப்படியே நிகழ்நேரத்தில் எதிர்பார்ப்பது பிழையாகும்.

பெறும் கருவியின் திறன்

வழங்கியின் முன் மூன்று வழிகள் உள்ளன. கோப்பின் கொள்கலனையும் குறியாக்க முறையையும் கருவி ஏற்குமாயின், கோப்பு மாற்றமின்றி அனுப்பப்படும். குறியாக்க முறை ஏற்புடையதாய், எம்கேவி போன்ற கொள்கலன் மட்டும் ஏற்பில்லாததாய் இருப்பின், உள்ளடக்கம் வேறொரு கொள்கலனுக்கு மாற்றப்படும். இதற்குச் செயலியின் உழைப்பு மிகக் குறைவு. இவ்விரண்டும் இயலாதபோதே மறுகுறியாக்கம் தேவைப்படுகிறது.

ஏறத்தாழ எல்லாக் கைப்பேசிகளும் தொலைக்காட்சிகளும் உலாவிகளும் ஏற்பது 8 பிட் எச்.264 ஆகும். எச்.265இன் காப்புரிமைகள் பல குழுக்களிடையே பிரிந்து கிடந்தமையால், உலாவிகளில் அதன் பரவல் சீராக அமையவில்லை. வீட்டு வலையமைப்பில் பிட் வீதத்துக்குத் தட்டுப்பாடு இல்லை என்பதால், அங்கு எச்.264இன் குறைந்த சுருக்கம் ஒரு குறையாவதில்லை. வெளியூரிலிருந்து பார்க்கும்போது வீட்டு இணைப்பின் பதிவேற்ற வேகமே எல்லையாகிறது. அந்நிலையில், கருவி ஏற்குமாயின் எச்.265 பயன் தரும்.

வன்பொருள் முடுக்கம்

குறியாக்கத்துக்கெனத் தனிச் சுற்றுகளைக் கொண்ட செயலிகள் இச்சுமையை எளிதாக்கியுள்ளன. இன்டெல் நிறுவனத்தின் குயிக் சிங்க் 2011இலும் என்விடியாவின் என்வென்க் 2012இலும் அறிமுகமாயின. ஒரே பிட் வீதத்தில் இவற்றின் தரம், மெதுவாக இயங்கும் நல்ல மென்பொருள் குறியாக்கியின் தரத்தைவிடப் பொதுவாகக் குறைவே. எனினும் மையச் செயலகத்துக்கு ஓய்வு கிடைக்கிறது.

இங்குக் குறிநீக்கத்தையும் குறியாக்கத்தையும் தனித்தனியே சரிபார்த்தல் வேண்டும். இன்டெல்லின் 11ஆம் தலைமுறைச் செயலிகளில் உள்ள வரைகலைப் பகுதி ஏவி1ஐக் குறிநீக்கும்; ஆனால் குறியாக்காது. புதிய கருவி எப்போதும் மேம்பட்டது என்பதும் உறுதியன்று. ராஸ்பெர்ரி பை 4இல் இருந்த எச்.264 வன்பொருள் குறியாக்கி, 2023இல் வந்த ராஸ்பெர்ரி பை 5இல் இல்லை. பெயரும் விலையும் நோக்கி வாங்குவோர் ஏமாறும் இடம் இதுவே.

துணைத்தலைப்பும் நிறவீச்சும்

கருவி காணொளியை ஏற்றாலும் மறுகுறியாக்கம் நேர்வதுண்டு. புளூரே வட்டுகளின் துணைத்தலைப்புகள் படங்களாக அமைந்தவை. அவற்றைக் காட்ட இயலாத கருவிக்கு அவை ஒவ்வொரு சட்டகத்தின் மீதும் பதிக்கப்பட வேண்டும். எழுத்து வடிவத் துணைத்தலைப்பைத் தனியே அனுப்பினால் இச்சுமை நீங்கும். தமிழில் மற்றொன்றும் கருதத்தக்கது. ‘கெ’ என்பதில் மெய்யெழுத்துக் குறியீடு முதலிலும் கொம்பு பின்னும் சேமிக்கப்படுகின்றன. திரையில் கொம்பு முன்வர வேண்டும். வழங்கியே துணைத்தலைப்பைப் பதிக்கும்போது, இம்மாற்றத்தை அறிந்த வரைமென்பொருளும் தமிழ் எழுத்துருவும் வழங்கியில் இருத்தல் இன்றியமையாதது. எழுத்துரு இல்லையேல் வெற்றுக் கட்டங்களே தோன்றும்.

உயர் நிறவீச்சுடைய காணொளியைச் சாதாரணத் திரைக்கு அனுப்பும்போது ஒளியளவையும் நிறங்களையும் மாற்றியமைக்க வேண்டும். செய்யாவிடின் படம் வெளிறித் தோன்றும். செய்தால் காலவரம்பு மேலும் நெருக்கும்.

சேமிப்பும் வழங்கலும்

இழப்புடைய ஒவ்வொரு குறியாக்கமும் நுண்விவரங்கள் சிலவற்றை நீக்குகிறது. நீக்கப்பட்டவை மீண்டும் கிடைப்பதில்லை. வழங்கலுக்காகச் செய்யும் மாற்றம் பார்த்து முடிந்தவுடன் அழிகிறது. மூலம் அப்படியே இருக்கிறது. மாறாக, இடத்தை மிச்சப்படுத்தவென்று குடும்ப விழாக்களின் பழைய பதிவுகளைப் புதிய முறைக்கு மாற்றி மூலத்தை அழித்துவிட்டால், நாளை அதைவிடச் சிறந்த முறை வரினும் பயனில்லை.

முடிவுரை

நிகழ்நேர மறுகுறியாக்கத்துக்கான முறையைத் தேர்வதில் முதலில் நோக்கத்தக்கவை பெறும் கருவிகள். அடுத்து வழங்கியின் வன்பொருள். பின்னர் வலையமைப்பின் வேகம். சுருக்கத்திறன் இறுதியில் வைத்து எண்ணத்தக்கது. இவ்வரிசையில் நோக்கின், பலவகைக் கருவிகள் உள்ள இல்லத்துக்கு எச்.264 இன்றும் பொது மொழியாக நிற்கிறது. பெறும் முனையும் வழங்கும் முனையும் ஒருங்கே ஏற்கும் இடங்களில் எச்.265உம் ஏவி1உம் பயனளிக்கும். மறுகுறியாக்கமே தேவைப்படாதவாறு கோப்பையும் கருவியையும் பொருத்தி அமைப்பதே இத்தேர்வின் முதற்படியாகும்.