லயத்து விளக்கொளியில் இறைவார்த்தை



மலையகத்தின் காலைப்பொழுது எவ்வாறு தொடங்குகின்றது என்பதை உங்களுள் பலர் அனுபவத்தால் அறிவீர்கள். கிழக்கு வெளுக்கும் முன்னரே லயத்து அடுப்புகள் புகையத் தொடங்கிவிடும். ரொட்டி தட்ட வேண்டும். சாயத்தண்ணீர் வைக்க வேண்டும். மூத்த பிள்ளைகளைப் பாடசாலைக்கும் கைக்குழந்தையைப் பிள்ளைமடுவத்துக்கும் அனுப்ப வேண்டும். கூடையையும் படங்கையும் எடுத்துக்கொண்டு நேரம் தவறாமல் பெரட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். இத்தகைய காலைப்பொழுதில் இறைவார்த்தைக்கு இடம் எங்கே? இவ்வாரம் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்பும் கேள்வி இதுதான்.

உண்மையைச் சொல்வதானால், இக்கேள்வி என்னுடையதன்று. நான் குருத்துவத் திருநிலை பெற்ற புதிதில், அட்டன் பகுதித் தோட்டச் சிற்றாலயம் ஒன்றில் ஞாயிறு திருப்பலி நிறைவேற்றினேன். ஒவ்வொரு நாளும் அதிகாலையில் அரைமணி நேரம் அமைதியாக அமர்ந்து திருவிவிலியம் வாசித்துத் தியானிக்க வேண்டும் என்று மறையுரையில் வலியுறுத்தினேன். திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது ஒரு தாய் என் அருகில் வந்து, மிகுந்த மரியாதையோடு கேட்டார்: “சாமி, நான் நாலு மணிக்கு எந்திரிக்கிறேன். நீங்க சொன்ன அந்த அரைமணிய எதுல இருந்து எடுக்கட்டும்? தூக்கத்துல இருந்தா, அடுப்புல இருந்தா?” அக்குரலில் கேலி இல்லை. உண்மையாகவே விடை வேண்டித்தான் அவர் கேட்டார். என்னிடம் விடை இருக்கவில்லை.

அம்பிட்டிய குருமடத்தில் நாங்கள் மணியோசைக்கு எழுந்து, மணியோசைக்குத் தியானித்து, மணியோசைக்கு உணவருந்தியவர்கள். எங்களுக்காக அடுப்பு மூட்டுவதற்கு வேறொருவர் இருந்தார். அந்தக் கால அட்டவணையை அப்படியே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தோட்டத்து மலை ஏறியவனாக அன்று நான் நின்றேன்.

திருச்சபையில் இறைவார்த்தையைத் தியானிப்பதற்கு மிகப் பழைய முறை ஒன்று உண்டு. வாசித்தல், சிந்தித்தல், செபித்தல், இறைவனில் இளைப்பாறுதல் என்று அதன் நான்கு படிகளை 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குய்கோ என்ற கர்த்தூசியத் துறவி விளக்கி எழுதினார். 1845ஆம் ஆண்டு முதல் இலங்கைக்கு வந்து, கண்டி மறைமாவட்டத்தின் தொடக்க காலத்தைத் தாங்கிநின்ற சில்வெஸ்திரின் பெனடிக்ற் சபைத் துறவிகளும் இம்மரபில் வளர்ந்தவர்களே. ஆனால் துறவற மடத்து முறை என்று சொல்லி இதை நாம் ஒதுக்கிவிடுகின்றோம். அத்துறவிகள் உடலுழைப்பாளர்களாகவும் இருந்தார்கள் என்பது நமக்கு மறந்துபோகின்றது. அதிகாலையில் கேட்ட திருப்பாடல் அடியை வயலில் வேலை செய்யும்போது அவர்கள் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்கள். மாடு மேய்ந்ததைப் பின்னர் அசைபோடுவதற்கு அதனை ஒப்பிட்டார்கள். கை வேலை செய்ய, உள்ளம் வார்த்தையை மென்றுகொண்டிருக்கும். இந்தக் கலையைத் தேயிலை நிரையில் நின்று செய்ய முடியாதா?

இணைச்சட்ட நூலின் 6ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எகிப்தில் செங்கல் அறுத்த மக்கள் அவர்கள். அடிமை வேலையின் நினைவு மாறாதவர்கள். சொந்த நிலம் இன்னும் கைக்கு வராதவர்கள். அவர்களை நோக்கித்தான் மோசே, இறைவனின் கட்டளைகளை உள்ளத்தில் பதிக்கவும், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் பணிக்கின்றார். எப்போது சொல்லிக்கொடுப்பது? வீட்டில் இருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழும்பும்போது. நான்கு வேளைகளைக் குறிப்பிடும் மோசே, வேலையை நிறுத்திவிட்டு ஒதுக்கவேண்டிய தனி நேரம் என்று எதையும் அங்கே குறிப்பிடவில்லை. நடக்கின்ற நேரம் நம் மக்களுக்குக் குறைவா என்ன? லயத்திலிருந்து மலைக்கும், மலையிலிருந்து கொழுந்து மடுவத்துக்கும் நடந்து தேய்ந்த கால்களல்லவா!

அத்தாய்க்கு நான் விடை சொல்வதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. வாசிப்பதை முந்திய இரவுக்கு மாற்றுங்கள் என்பதே அவ்விடை. இரவு உணவுக்குப் பின், வீட்டில் வாசிக்கத் தெரிந்த பிள்ளை மறுநாளைய நற்செய்தியை உரக்க வாசிக்கட்டும். பங்கு நாட்காட்டியில் அந்தந்த நாளுக்குரிய வாசகங்களின் அதிகாரமும் வசனமும் அச்சிடப்பட்டிருக்கும். ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வருபவை. பொதுக்காலத்து வாரநாள் நற்செய்தி ஆண்டுதோறும் திரும்ப வரும். ஆகவே ஒரு நாள் தவறிவிட்டதே என்று கலங்கத் தேவையில்லை. வாசித்ததில் ஒரே ஒரு சொல்லை அல்லது சிறு தொடரை, குடும்பத்தில் எவராவது ஒருவர் தெரிந்தெடுக்கட்டும். காலையில் கூடையோடு அதையும் சுமந்து செல்லுங்கள். இவ்வளவுதான். பத்து நிமிடம்கூட ஆகாது.

“சாமி, இது புரொட்டஸ்தாந்துக்காரர் வழக்கமல்லவா?” என்று கேட்ட முதியவர்களும் உண்டு. அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. அவர்களுடைய சிறுவயதில் திருப்பலி இலத்தீன் மொழியில் நடந்தது. விவிலியம் வைத்திருந்த கத்தோலிக்க வீடு அரிது. 1965 நவம்பர் 18 அன்று வெளியிடப்பட்ட இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இறைமக்கள் அனைவருக்கும் மறைநூலின் கதவு அகலத் திறந்திருக்க வேண்டும் என்று கற்பித்தது. கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பான தமிழ்த் திருவிவிலியம் 1995ஆம் ஆண்டில்தான் நம் கைக்கு வந்தது. திருத்தந்தை பிரான்சிஸ், பொதுக்காலத்தின் மூன்றாம் ஞாயிறை இறைவார்த்தை ஞாயிறாக 2019இல் ஏற்படுத்தினார். திருச்சபையின் வயதோடு ஒப்பிடும்போது இவையெல்லாம் நேற்று நடந்தவை. பழக்கம் ஊன்றுவதற்குக் காலம் பிடிக்கத்தான் செய்யும்.

எனினும், குருவானவர் இல்லாத இடத்தில் வார்த்தையால் வாழ்வது இந்நாட்டுக் கத்தோலிக்கருக்குப் புதிதன்று. ஒல்லாந்தர் நம் சமயத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணக் கரையேறியவர் புனித யோசப் வாஸ் அடிகளார். 1711இல் கண்டியில் இறக்கும்வரை அவர் கால்படாத காடு மலை குறைவு. ஓரிடத்துக்கு அவர் திரும்பி வருவதற்கு மாதங்கள் ஆகும். அதுவரை மக்களைக் கூட்டிச் செபம் சொல்லியும் வாசித்தும் விசுவாசத்தைக் காத்தவர்கள் அண்ணாவிமாரும் மூப்பர்களுமே. அவர்கள் வாசிப்பதற்கென்று 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்களை எழுதிக் குவித்தார். பின்னாளில் தேயிலையும் கோப்பியும் பயிரிடத் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர்களுள் கத்தோலிக்கராய் இருந்தவர்களை ஒன்றுகூட்டியவர்களும் தோட்டத்து உபதேசிமார்தாம். இன்றும் ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் பல தோட்டங்கள் இருக்கின்றன. சில சிற்றாலயங்களுக்கு மாதத்தில் ஒருமுறைதான் எம்மால் வர முடிகின்றது. எஞ்சிய நாள்களில் உங்கள் ஆன்மாவுக்கு உணவு எது என்ற கவலை எம்மை விட்டு அகலுவதில்லை.

இங்கே இரண்டு செய்திகளைச் சொல்லியாக வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விவிலியத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தைக் குறிசொல்லாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் சில வீடுகளில் இருக்கின்றது. மகளை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பலாமா என்று இவ்வாறு முடிவு செய்த குடும்பம் ஒன்றை நான் அறிவேன். வேண்டாம், அன்பர்களே. இறைவார்த்தை சோதிடச் சீட்டன்று. அடுத்தது வட்ஸ்அப். நாள்தோறும் காலையில் மலர்ப் படத்தோடு வசனம் ஒன்று வருகின்றது. கைகூப்பும் சின்னத்தை அழுத்தி அடுத்தவருக்கு அனுப்பிவிடுகின்றோம். அனுப்பியவரும் வாசிக்கவில்லை, பெற்றவரும் வாசிக்கவில்லை! (என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

எழுத்து வாசனை இல்லாத பெரியவர்கள் என்ன செய்வார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அன்னை மரியா நிகழ்ந்தவற்றையெல்லாம் உள்ளத்தில் இருத்திச் சிந்தித்தார் என்று லூக்கா இரண்டு முறை எழுதுகின்றார். அவர் ஏடு வாசித்ததாக எங்கும் எழுதவில்லை. செபமாலையின் மறைபொருள்களும் நற்செய்தி நிகழ்ச்சிகளே. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2002இல் ஒளியின் மறைபொருள்களைச் சேர்த்தபோது, ஆண்டவரின் திருமுழுக்கு முதல் நற்கருணை ஏற்படுத்தியது வரையுள்ள பொதுவாழ்வும் அதனுள் வந்துவிட்டது. ஒவ்வொரு மறைபொருளுக்கும் முன்னே அந்தந்த நற்செய்திப் பகுதியிலிருந்து இரண்டு வரி வாசித்துவிட்டுச் செபித்துப் பாருங்கள்.

வார்த்தை வீட்டுக்குள் வந்தால் என்ன நடக்கும் என்பதை எனக்குக் காட்டியது ரூத்து நூல். லயக் காம்பரா ஒன்றின் இஸ்தோப்பில், கொழுந்து பறிக்கும் பெண்கள் ஏழெட்டுப் பேரோடு அமர்ந்து அதன் 2ஆம் அதிகாரத்தை வாசித்தோம். ரூத்து வேற்று நாட்டிலிருந்து வந்தவர், கணவனை இழந்தவர், பிறர் வயலில் விழுந்த கதிரைப் பொறுக்கி மாமியாருக்குச் சோறு போடுகின்றவர். விளக்கம் சொல்ல நான் வாய்திறக்கும் முன்னே ஒரு பெண் கேட்டார்: “சாமி, அந்தப் புள்ள பொறுக்குனத நிறுத்தது யாரு?”

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த அதிகாரத்தை வாசித்திருக்கின்றேன். இக்கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. நிறுக்கும் வேளையில் தண்ணீருக்கும் கூடைக்கும் என்று கழிவு போகக் கிடைப்பதை வாங்கிப் பழகியவருக்கு அல்லவா அது தோன்றும்! மீண்டும் வாசித்தோம். 17ஆம் வசனத்தில் விடை இருந்தது. ரூத்து மாலைவரை பொறுக்கிய கதிர்களைத் தாமே தட்டிப் புடைக்கின்றார். ஏறத்தாழ ஓர் ஏப்பா வாற்கோதுமை தேறுகின்றது. இன்றைய அளவில் அது 22 லீற்றர் வரை வரும். அதற்கு முந்திய வசனங்களில், அவள் பொறுக்குவதற்கென்றே கதிர்களை வேண்டுமென்று நழுவவிடும்படி போவாசு வேலையாள்களுக்குச் சொல்லியிருக்கின்றார். கழிவு போடாமல் கூட்டிப்போடும் முதலாளி! அப்பெண்கள் சிரித்தார்கள். பின்னர் ஒருவர் அழுதார். அன்று மாலை நான் விளக்கம் சொல்லவில்லை. ஏழைகளை ஏமாற்றும் கள்ளத் தராசைக் கண்டிக்கும் ஆமோசு நூலின் 8ஆம் அதிகாரத்தையும், பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுவதாகச் சொல்லும் யாக்கோபு திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தையும் அடுத்தடுத்த வாரங்களில் வாசித்தோம். இறைவன் தம்முடைய நிறையையும் பார்க்கின்றார் என்பது அவர்களுக்கு அதுவரை எவரும் சொல்லாத நற்செய்தியாய் இருந்தது. அதைச் சொல்லாமல் இருந்தவர்களுள் நானும் ஒருவன்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நம் மலைகளைச் சரித்ததை மறக்க முடியுமா? அதன்பின் ஒருநாள், இடம்பெயர்ந்து பாடசாலைக் கட்டடம் ஒன்றில் தங்கியிருந்த குடும்பங்களைப் பார்க்கச் சென்றேன். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி ஒருவர் அங்கே இருந்தார். அவருக்கு இரவுதோறும் வாசித்துக் காட்டிய பேரன் கொழும்பில் கடை வேலைக்குப் போய் மாதங்களாகிவிட்டன. தொலைபேசியில் வாசிப்பதாகச் சொல்லிச் சென்றவன், வரவர அழைப்பதையே குறைத்துக்கொண்டான். ஈரத்தில் ஊறி உப்பியிருந்த திருவிவிலியத்தைப் பாட்டி பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்தார். இப்போது வாசிப்பவள் மூன்றாம் வகுப்புப் பேத்தி. எழுத்துக்கூட்டி வாசிப்பதால் ஒரு நாளைக்கு ஒரு வசனம் முடிந்தாலே பெரிது.

“எங்கே வாசிக்கிறீர்கள் அம்மா?” என்று கேட்டேன். மாற்கு 4ஆம் அதிகாரம், ஆண்டவர் சீடர்களோடு கடலைக் கடக்கும் பகுதி. 38ஆம் வசனத்தின் பாதியில் பிள்ளைக்குத் தூக்கம் வந்துவிட்டதாம். வெளியே தகரக் கூரையின்மேல் மழை மீண்டும் தொடங்கியிருந்தது. பாட்டி குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“படகுக்குள்ள தண்ணி வந்துருச்சு சாமி. அவரு பின்னால தலை வச்சுத் தூங்குறாரு. நாளைக்குத்தான் எழுப்புவாங்க.”