விரித்த உலோகத் தகடு

கம்பிவலை என்று நாம் பார்த்த மாத்திரத்தில் எண்ணிவிடும் பொருள்கள் யாவும் கம்பியாற் பின்னப்பட்டவை அல்ல. தொழிற்சாலைகளின் உயர்நடைபாதைகளிலும், சாந்து பூசும் உட்கூரைகளிலும் பயன்படும் சாய்சதுரக் கண்களையுடைய வலையொன்றில் முடிச்சும் இல்லை; ஒட்டும் இல்லை. முழுவதும் ஒரே தகடு. 'எக்ஸ்பாண்டட் மெற்றல்' என வணிகர் வழங்கும் இதனை விரித்த உலோகத் தகடு என்போம். யோன் பிரெஞ்ச் கோல்டிங் என்பவர் 1880களில் இதற்குக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் நகரில் இத்தொழில் வேரூன்றியது.

பந்தற் சோடனைக்காகக் கடதாசியை மாறிமாறிக் கீறி இழுத்துப் பார்த்தவர்க்கு இதன் செய்முறை எளிதில் விளங்கும். தகடு, நேரான கீழலகின் விளிம்பைத் தாண்டிச் சிறிதளவு தள்ளப்படுகின்றது. பற்களையுடைய மேலலகு இறங்கி, விட்டுவிட்டு வெட்டி, வெட்டிய பகுதியைக் கீழே அழுத்தி நீட்டுகின்றது. பின்னர் தகடு மீண்டும் அதே அளவு முன்னேற, அலகு அரைக்கண் தூரம் பக்கமாக நகர்ந்து மறுபடியும் வெட்டுகின்றது. இரு வெட்டுக்களில் ஒரு வரிசைக் கண்கள் நிறைவெய்தும். துளையிட்ட தகட்டிற் போல உலோகம் கழிவாவதில்லை. சாய்ந்து நிற்கும் இழைகள் காலுக்குப் பிடிப்பளிக்கும்; சமதளம் வேண்டின் உருளைகளினூடே செலுத்தித் தட்டையாக்குவர்.

இத்தகட்டை வருணிப்பதிலேதான் பலர் இடர்ப்படுவர். 'ஓரங்குல வலை' என்றாற் போதாது. கேத்திரகணிதத்திற் கற்ற சாய்சதுரத்தின் இரு மூலைவிட்டங்களையும் இங்கே நினைவுகூர்தல் வேண்டும். இழைகள் கூடுமிடத்தைக் கணு எனக் கொண்டால், கணு நடுவிலிருந்து கணு நடுவரை நெடுவழி அளவு, குறுவழி அளவு, இழையின் அகலம், இழையின் தடிப்பு ஆகிய நான்கையுங் கூறுதல் அவசியம். உள்ளே தெரியும் இடைவெளி இவற்றினுஞ் சிறியது, இரண்டையும் குழப்பலாகாது.

நிறையையும் இவ்வளவுகளே தரும். 3 மில்லிமீற்றர் தடித்த உருக்குத் தகடு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 23.5 கிலோகிராம் நிறையுடையது. இழையகலம் 3 மில்லிமீற்றரும் குறுவழி 12 மில்லிமீற்றருமாயின், இரண்டு இழையகலம், அதாவது 6 மில்லிமீற்றர், 12 ஆக விரிந்துள்ளது. ஆகவே நிறை சதுர மீற்றருக்குப் பாதியாகும்.

யாவற்றினும் முக்கியமானது திசை. தாங்கிக்குத் தாங்கி நெடுவழி செல்லுமாறு தகட்டை இடல் வேண்டும். அத்திசையிலேயே அது கூடிய பாரத்தைத் தாங்கும். குறுக்கே திருப்பி இட்டால், அதே தகடு அதே பாரத்துக்கு மிகுதியாகத் தொய்யும். எனவே தகட்டின் எப்பக்கத்தின் வழியே நெடுவழி அமைய வேண்டுமென்பதையும் கட்டளையில் எழுதுதல் கடன். பொறியியற்றுறை புகும் எம் மாணவர் இதனை மறவாதிருப்பாராக. எழுத்திற் குறைந்த ஒரு சொல்லின் விலையை, அந்நடைபாதையில் நாளும் நடக்கும் தொழிலாளியே கொடுக்க நேரும்.