மூலநிரலை அடுக்கும் முறையும் ஆக்கும் முறையும்

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்களுள் கணிப்பொறித் தொழிலை மேற்கொண்டோர் பலர். பெங்களூர், ஐதராபாத், புனே முதலிய நகரங்களுக்கு அவர்களை அழைத்துச் சென்றதே அத்தொழில்தான். அதனைச் சாராதவரும், ஊரிலுள்ள பெற்றோருக்குப் பணம் அனுப்புவதற்கும் பண்டிகைக்கு ஊர் திரும்ப இரயிலில் இடம் பதிவு செய்வதற்கும் இன்று கணிப்பொறியையே நாடுகின்றனர். அனுப்பிய பணம் பிறர் கைக்குப் போகாது, நம் கடவுச்சொல்லை எவரும் களவாடார் என்று நாம் நம்புகிறோம். இந்நம்பிக்கைக்கு அடிப்படை யாது? இக்கேள்வியின் ஒரு பகுதிக்கு மட்டும் இங்கு விடை காண முயல்வோம்.

கணிப்பொறியின் உறுப்புகள் அனைத்தையும் ஆண்டு நடத்துவது இயக்க முறைமை. அது மனிதர் படித்தறியும் வண்ணம் எழுதப்பெறும்போது மூலநிரல் எனப்படும். பொறி ஏற்று நடத்துவதோ ஒன்றும் சுழியுமாகிய இருமக் கோப்பு. முன்னதைப் பின்னதாக மாற்றும் கருவிக்குக் கம்பைலர் என்று பெயர். மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்று உரிமை தந்து வெளியிடுவதே திறந்த மூல முறை.

எல்லாரும் படிக்கக்கூடிய நிரலில் கள்ளம் ஒளிய இடமேது என்று சிலர் கேட்பர். இஃது அரை உண்மையே. நாம் படிப்பது மூலநிரல். நம் பொறியில் ஓடுவதோ இருமக் கோப்பு. இவ்விரண்டுக்கும் இடையில் ஆக்கம் என்னும் அடுக்களை ஒன்று உண்டு. சமையற் குறிப்பு ஊரறிந்ததாயினும், அடுக்களையில் என்ன சேர்த்தார்கள் என்பது தெரியாவிடில் உணவை நம்புவது எங்ஙனம்? ஆகவே, மூலநிரலை எவ்வாறு அடுக்கி வைக்கிறார்கள், எவ்வாறு ஆக்குகிறார்கள் என்பது வெறும் அலுவலக ஒழுங்கு அன்று. நம் காப்பைப் பற்றிய செய்தி.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதனைக் காண்போம். அமெரிக்காவில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து 1978ஆம் ஆண்டு முதல் பி.எஸ்.டி. என்னும் யூனிக்ஸ் தொகுப்புகள் வெளிவந்தன. அவ்வழியில் 1993இல் தோன்றியது ஃபிரீ பி.எஸ்.டி. என்னும் இயக்க முறைமை. இதன் பெயரை நாம் கேள்வியுற்றிராவிடினும் இதன் பயனைத் துய்த்திருக்கக் கூடும். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின் திரைப்படங்களை வீடுகளுக்கு அனுப்பும் பொறிகள் இதன்மீதே இயங்குகின்றன.

லினக்ஸ் முறையில் கெர்னல் எனப்படும் கருப்பகுதியை ஒரு குழுவினர் எழுத, பிற நிரல்களைப் பல இடங்களிலிருந்து திரட்டி வேறு குழுவினர் தொகுத்து வழங்குவர். ஃபிரீ பி.எஸ்.டி.யிலோ கெர்னலும் அதனைச் சூழ்ந்த அடிப்படை நிரல்களும் ஒரே மரமாக ஓரிடத்தில் வைக்கப்பெற்றுள்ளன. அம்மரத்தின் கிளைகளே கோப்புறைகள். 'சிஸ்' என்னும் கிளையில் கெர்னல் இருக்கிறது. நினைவகத்தைப் பங்கிடும் பகுதி, வலையமைப்புப் பகுதி, கருவிகளை இயக்கும் பகுதி, ஒவ்வொரு வகைச் செயலிக்கும் உரிய பகுதி என அதற்குள்ளும் பிரிவுகள் உண்டு. கோப்புகளைப் பட்டியலிடல், நகலெடுத்தல் போன்ற அன்றாடப் பணிக்குரிய நிரல்கள் 'பின்' என்னும் கிளையில் உள்ளன. வட்டுகளை இணைத்தல், பழுது பார்த்தல் போன்ற ஆட்சிப் பணிக்குரியவை 'எஸ்பின்' என்பதில் உள்ளன. பல நிரல்களுக்கும் பொதுவாக உதவும் பகுதிகள் 'லிப்' என்பதில் அடங்கும். இணைய உலாவி போன்றவை இம்மரத்தில் சேரா. அவற்றுக்குப் 'போர்ட்ஸ்' என்னும் தனித் தொகுப்பு உண்டு.

நாம் சிறப்பாகக் கருத வேண்டிய கிளை 'கான்ட்ரிப்' என்பது. வெளியார் எழுதிய நிரல்களைக் கடன்பெற்று வைக்கும் இடம் அது. கடன்பெற்றதைத் தம் சொந்த எழுத்தோடு கலந்துவிடாமல் தனியே வைப்பதால், எது யாருடையது, எப்போது வந்தது என்பது எளிதில் விளங்கும். அதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. வெளியார் தம் நிரலோடு அனுப்பும் ஆக்கக் குறிப்புகளை இவர்கள் பின்பற்றுவதில்லை. அந்நிரலை எவ்வாறு ஆக்குவது என்பதைத் தாமே 'மேக்ஃபைல்' என்னும் குறிப்புக் கோப்பாக எழுதிக்கொள்கின்றனர். இதன் பயனைப் பின்னர்க் காண்போம்.

இனி ஆக்கும் முறை. 'மேக்' என்னும் கருவி கோப்புறைதோறும் உள்ள மேக்ஃபைலைப் படித்து, எதற்கு முன் எது ஆகவேண்டும் என்று வரிசைப்படுத்துகிறது. மூலநிரலைப் புதுப்பித்தவர் முதலில் படிக்க வேண்டியது மரத்தின் அடியிலேயே வைக்கப்பெற்றுள்ள 'அப்டேட்டிங்' என்னும் எச்சரிக்கைக் கோப்பு. அதன்பின் 'பில்ட்வேர்ல்ட்' என்னும் கட்டளையைத் தருதல் வேண்டும். உலகை ஆக்கு என்பது அதன் பொருள். அது முதலில் நிரல்களை ஆக்குவதில்லை. பழைய பொறியிலுள்ள கருவிகளைக்கொண்டு புதிய கருவிகளை ஆக்குகிறது. புதிய கம்பைலர் பிறந்த பின்னரே, அதனைக்கொண்டு நிரலகங்களையும் ஏனைய நிரல்களையும் ஆக்குகிறது. தச்சன் மேசை செய்யத் தொடங்குமுன் உளியைத் தீட்டிக்கொள்வது போன்றது இது. அடுத்துக் கெர்னல் ஆக்கப்படுகிறது.

நிறுவுவதிலும் வரிசை உண்டு. முதலில் புதிய கெர்னலை நிறுவிப் பொறியை மீண்டும் தொடங்குதல் வேண்டும். அது செவ்வனே இயங்கக் கண்ட பின்னரே ஏனைய நிரல்களை நிறுவுதல் வேண்டும். ஏன் எனில், புதிய கெர்னல் பழைய நிரல்களின் வேண்டுகோளை அறியும். பழைய கெர்னலோ புதிய நிரல்களின் வேண்டுகோளை அறியாமற் போகலாம். வரிசை மாறினால் பொறியே எழாமல் நின்றுவிடவும் கூடும்.

கம்பைலரை ஆக்குவதற்கும் ஒரு கம்பைலர் வேண்டும் என்பதை ஈண்டுக் கவனித்திருப்போம். யூனிக்ஸைப் படைத்தவருள் ஒருவராகிய கென் தாம்ப்சன் தமது டூரிங் விருதுப் பேருரையில் இதனையே எடுத்துக் காட்டினார். 1984இல் அச்சான அவ்வுரை, கம்பைலரின் உள்ளே கள்ளத்தைப் புகுத்த முடியும் என்று விளக்கிற்று. அது நுழைவு நிரலை ஆக்கும்போது திருட்டு வழி ஒன்றைச் சேர்க்கும். தன்னையே மீண்டும் ஆக்கும்போது அக்கள்ளத்தையும் உடன் சேர்த்துக்கொள்ளும். மூலநிரலில் அதன் சுவடே இராது.

இது வெறும் கற்பனை அன்று என்பதை 2024ஆம் ஆண்டு உணர்த்தியது. கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்இசட்' என்னும் சிறு நிரல் உலகெங்கும் பயன்படுவது. ஈராண்டுக்கு மேலாக அதற்கு உழைத்து நம்பிக்கை பெற்ற ஒருவரின் பெயரால் அதனுள் திருட்டு வழி புகுத்தப்பட்டது. கள்ள நிரல் சோதனைக் கோப்புகளுக்குள் மறைந்திருந்தது. அதனை வெளியே எடுத்து இணைக்கும் குறிப்போ, எல்லாரும் பார்க்கும் மூலநிரல் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கெனக் கட்டிவைத்த பொதியில் மட்டுமே இருந்தது. களஞ்சியத்தை எத்துணை முறை படித்தாலும் அது கண்ணிற் பட்டிராது. ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்னும் பொறியாளர், தொலைவிலுள்ள பொறியில் நுழைவதற்கு வழக்கத்தினும் ஏறத்தாழ அரை நொடி மிகுதியாவதைக் கண்டு ஐயுற்றார். காரணத்தைத் தேடிச் சென்றவர், 2024 மார்ச் 29 அன்று உண்மையை உலகுக்கு அறிவித்தார்.

ஃபிரீ பி.எஸ்.டி.யின் வளர்ச்சி மரத்திலும் அந்நிரலின் அதே பதிப்பு அப்போது இடம்பெற்றிருந்தது. ஆயினும் தீங்கு நேரவில்லை. கள்ளம் மறைந்திருந்த கோப்புகளை அவர்கள் 'கான்ட்ரிப்' கிளைக்குள் கொண்டுவரவே இல்லை. வெளியாரின் ஆக்கக் குறிப்பைப் பயன்படுத்தும் வழக்கமும் அவர்களுக்கு இல்லை. அக்குறிப்பின்றிக் கள்ள நிரல் உயிர் பெறாது. அத்தாக்குதல் லினக்ஸைக் குறிவைத்தே அமைந்தது என்பதையும் சொல்லுதல் நேர்மை. எனினும், வேண்டியதை மட்டும் கொள்வது, கடனைத் தனியே வைப்பது, அடுப்பைத் தம் கையிலேயே வைத்துக்கொள்வது என்னும் பழைய ஒழுங்கு இங்குக் காவலாக நின்றது.

ஆக்கத்தைச் சோதிக்க மற்றொரு வழியும் வளர்ந்து வருகிறது. ஒரே மூலநிரலை இருவர் இருவேறு இடங்களில் ஆக்கினால், விளையும் கோப்புகள் எழுத்துக்கு எழுத்து ஒத்திருத்தல் வேண்டும் என்பதே அது. ஆக்கிய நாளும் நேரமும் கோப்பினுள் பதிந்தால்கூட இவ்வொப்புமை கெடும்; ஆகவே அத்தகைய வேறுபாடுகளைத் தேடித் தேடி நீக்குகின்றனர். இருவர் ஆக்கியவை ஒவ்வாவிடின் எங்கோ பிழையோ கள்ளமோ உண்டென்று தெளியலாம்.

இத்தொழிலில் உள்ள நம் இளைஞர்கள் பழைய கணிப்பொறி ஒன்றை எடுத்து, இம்மரத்தை இறக்கி, ஒருமுறையேனும் தம் கையால் ஆக்கிப் பார்த்தல் நலம். பல மணி நேரம் ஆகலாம், செலவு அதிகமில்லை. தொழிலில் இல்லாத நம்மனோர்க்கும் ஒரு செய்தி உண்டு. ஒரு நிரல் திறந்த மூலமுடையது என்று எவரேனும் சொன்னால் மகிழ்வோம்; அத்தோடு அமையாமல், அதனை ஆக்கியவர் யார், எங்கு, எம்முறையில் ஆக்கினார் என்றும் கேட்போம்.