கோலாலம்பூர் – லண்டன்: எவ்வளவு தொலைவு? எத்தனை மணி நேரம்?

கல்விக்காகவோ வேலைக்காகவோ பிள்ளைகள் வெளிநாடு செல்லும்போது, "அவ்வூர் எவ்வளவு தொலைவு? எப்பொழுது போய்ச் சேருவார்கள்? எப்பொழுது தொலைபேசியில் அழைக்கலாம்?" என்னும் ஐயங்கள் பெற்றோருக்கு எழுவது இயல்பே. லண்டன் மாநகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவற்றிற்கு விடை காண்போம்.

கோலாலம்பூருக்கும் லண்டனுக்கும் இடையிலுள்ள வான்வழித் தொலைவு ஏறத்தாழ 10,600 கிலோமீட்டர். அதாவது, சுமார் 6,600 மைல். 1877-ஆம் ஆண்டில் லண்டனின் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் கப்பலேறிச் சிங்கப்பூர் வந்தடைந்தன. அன்று வாரக்கணக்கில் நீடித்த அப்பயணம், இன்று ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்த நேரத்தைவிடக் குறைவாகவே ஆகின்றது.

பள்ளிச் சுவரில் தொங்கும் தேசப்படத்தில் இவ்விரு நகரங்களையும் நேர்க்கோட்டால் இணைத்தால், அதுவே குறுகிய வழி எனத் தோன்றும். ஆனால் பூமி உருண்டையானது. உலக உருண்டையின் மீது ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். அந்நூல் வடக்கே வளைந்து, வங்காள விரிகுடா, வட இந்தியா, நடு ஆசியா, கிழக்கு ஐரோப்பா ஆகியவற்றைக் கடந்து செல்லும். உண்மையில் குறுகிய வழி இதுவே. எனினும், போர் நடக்கும் பகுதிகளைத் தவிர்க்க விமானங்கள் சில வேளைகளில் சுற்றிச் செல்ல நேரிடும்.

ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றது. அக்கணக்கின்படி 12 மணி நேரம் போதும். ஆயினும், மேலெழுவதற்கும் இறங்குவதற்கும் சுற்றுவழிக்கும் கூடுதல் நேரம் ஆகும். மேலும், வடபகுதி வானில் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பலத்த காற்று வீசுகின்றது. போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. ஆகவே, போவதற்கு ஏறக்குறைய 14 மணி நேரமும் திரும்புவதற்கு 13 மணி நேரமும் ஆகின்றன.

பயணச் சீட்டில் குறிக்கப்படும் நேரம் அந்தந்த ஊரின் நேரமாகும் என்பதைக் கவனிக்க வேண்டும். 1982 சனவரி முதல் தேதி தொடங்கி, நம் நேரம் லண்டனைவிடக் குளிர்காலத்தில் 8 மணி நேரம் முந்தியுள்ளது. மார்ச் இறுதி முதல் அக்டோபர் இறுதி வரை அங்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பதால், வேறுபாடு 7 மணி நேரமே.

குளிர்காலத்தில், திங்கள் இரவு 11 மணிக்கு இங்கிருந்து புறப்படும் விமானம் செவ்வாய் அதிகாலை 5 மணிக்கு லண்டனை அடையும். சீட்டைப் பார்த்தால் 6 மணி நேரமே எனத் தோன்றும். பறப்பதோ 14 மணி நேரம். காலைப் பெரட்டு முடிந்து நாம் மரம் சீவும் 7 மணிக்கு, அங்கு முதல் நாள் இரவு 11 மணி. எனவே, மாலை 5 மணிக்குப் பின் அழைப்பதே நலம்.

இன்னொன்றையும் மறவாதீர். சீட்டில் "15-ஆம் தேதி, நள்ளிரவு 12.30" என்றிருந்தால், 14-ஆம் தேதி இரவு 9.30 மணிக்கே விமான நிலையத்தில் இருத்தல் வேண்டும். 15-ஆம் தேதி இரவு சென்றால், விமானம் புறப்பட்டு ஏறத்தாழ ஒரு நாள் கழிந்திருக்கும். செலவிட்ட பணமும் வீணாகும்.