பால்மரம் சீவிய பாட்டிகள் பாடப் புத்தகத்துக்கு வரட்டும்

லின்சம், சுவா பெத்தோங், கெய்ரோ என நெகிரி செம்பிலானின் தமிழ்ப்பள்ளிகள் பல இன்னும் தோட்டத்தின் பெயரையே தாங்கியிருக்கின்றன. பால்மரங்களில் பெரும்பகுதி செம்பனைக்கு வழிவிட்டுவிட்டது. லயத்துக் குடும்பங்களும் தாமான்களுக்குப் போய்விட்டன. நான்காம் ஆண்டில் வரலாறு படிக்கத் தொடங்கும் பிள்ளைக்குத் தன் பள்ளியின் கதையை, அந்தத் தோட்டத்தில் உழைத்த பெண்களிடமிருந்தே ஆரம்பித்துச் சொல்ல வேண்டும்.

முதலில் தொழிலைச் சொல்லுங்கள். பால்மரம் சீவுவது கைநுட்பம். உளி ஆழமாக இறங்கினால் மரத்தில் காயம் பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மேலாகப் போனால் பால் சரியாக வராது. விடியற்காலையில் பட்டைக்குள் நீரழுத்தம் கூடுதலாக இருப்பதால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏறத் தளர்ந்துவிடும். இருட்டிலேயே பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு நடந்தது அதனால்தான். கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, நிறை நிறையாக நடந்து நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி, மங்குகளில் சேர்ந்த பாலை வாளிகளில் ஊற்றி, காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோனார்கள் அந்தப் பெண்கள். அறிவியல் ஆசிரியருக்கு இதிலேயே ஒரு முழு வகுப்பு இருக்கிறது.

கணக்கும் உண்டு. 1920களின் இறுதியில், மலாயாவின் முக்கிய ரப்பர் வட்டாரங்களில் தமிழ்த் தொழிலாளருக்கு நிர்ணயித்த தினக்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. அடுத்து வந்த பெருமந்தத்தில் அதுவும் வெட்டப்பட்டது. அதே மரம், அதே உளி, ஐந்தில் ஒரு பங்கு கூலி குறைவு! இதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை.

இந்தப் பெண்கள் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு கிடந்தவர்கள் என்ற எண்ணமும் பிள்ளைகளுக்கு வந்துவிடக் கூடாது. 1941இல் பக்கத்துச் சிலாங்கூரில், கிள்ளான் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கூலி உயர்வோடு, பெண்களிடம் நடக்கும் அத்துமீறலை நிறுத்து என்பதும் இருந்தது. 1943இல் நேதாஜி அமைத்த ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்கள் பலர் சேர்ந்தார்கள்.

ஆனால் இந்தப் பெண்களின் பெயர்கள் நிலைக்கவில்லை. அமெரிக்க இரும்புத் தொழிலில் ரெபெக்கா லூக்கென்ஸ் என்ற பெயர் நிலைத்துவிட்டது. 1825இல் கணவர் இறந்தபின் பென்சில்வேனியாவில் இரும்பாலையை ஏற்று நடத்தியவர் அவர். முதலாளியின் பெயர் ஆவணங்களில் தானாகவே தங்கிவிடும். கூலிக்காரப் பெண்ணுக்குக் கிடைத்ததோ செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் ஒரு வரி. மலாயாவின் இந்தியக் கூலிப் பெண்களைப் பற்றி அருணிமா தத்தா விரிவாக எழுதிய நூல் 2021இல்தான் வெளிவந்தது.

ஆய்வாளர்கள் வரும்வரை பள்ளிகள் காத்திருக்க வேண்டியதில்லை. உளி பிடித்த பாட்டிகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரு தவணையில் ஒரு பாட்டியை வகுப்புக்கு அழைக்கலாம். எத்தனை வயதில் மரம் சீவப் போனார், யார் கற்றுக்கொடுத்தார், மழை நாளில் கூலி கிடைத்ததா, பிள்ளை பெற்ற பிறகு எப்போது வேலைக்குத் திரும்பினார் என்று பிள்ளைகளே கேட்கட்டும். பதிலை அவர்களே எழுதட்டும், பாட்டியின் முழுப்பெயரோடும் தோட்டத்தின் பெயரோடும்.