ஓடத் தெரிந்த பிள்ளைக்கு எந்தப் படிப்பு?

பிளஸ் டூ முடிவு வந்ததும் ஒரகடம், வல்லம், சுங்குவார்சத்திரம் பக்கத்துக் காலனிகளில் பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறத் தயாராகிவிடுகிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்தால் அடுத்த மாதமே சம்பளம். மாவட்டப் போட்டியில் ஓடிப் பரிசு வாங்கிய பிள்ளையும் அந்த வரிசையில்தான் நிற்கிறது. விளையாட்டையே படித்துப் பயிற்சியாளராகலாம் என்று எடுத்துச் சொல்ல அந்த வீட்டில் ஆளில்லை.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில், செங்கல் சூளைத் தொழிலாளர் வீட்டில் பிறந்த தலித் பெண் சாந்தி சவுந்தரராஜன். 2006 தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். பிறகு சூளையிலேயே கூலி வேலை. அவரை மீண்டும் மைதானத்துக்கு அழைத்து வந்தது, பெங்களூருவில் இந்திய விளையாட்டு ஆணைய மையத்தில் அவர் படித்து முடித்த பயிற்சியாளர் பட்டயம். 2016இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளரானார்.

பயிற்சியாளர் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் அதற்குள் மூன்று வேலைகள் உண்டு. படிப்பும் வேறு வேறு.

முதலாவது, பள்ளி உடற்கல்வி ஆசிரியர். ஏதாவது ஒரு பட்டம் பெற்று, இரண்டாண்டு பி.பி.எட். முடிக்க வேண்டும். கல்லூரிக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் உண்டா என்று பார்த்தே பணம் கட்ட வேண்டும். 1920இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி சென்னை நந்தனத்தில் இருக்கிறது. தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமோ இன்னும் அருகில்: ஒரகடத்திலிருந்து வண்டலூர் போய், கேளம்பாக்கம் சாலையில் திரும்பினால் மேலக்கோட்டையூர்.

இரண்டாவது, ஒரு விளையாட்டுக்கான கோச். பட்டியாலாவில் 1961இல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தின் ஓராண்டுப் பட்டயத்துக்கே இதில் மதிப்பு. பட்டப்படிப்பும் போட்டிச் சான்றுகளும் கேட்பார்கள். ஆறு வாரச் சான்றிதழ் படிப்பும் உண்டு. அது பட்டயத்துக்கு ஈடாகாது.

மூன்றாவது, வீரரின் காயத்தைத் தடுத்து, குணப்படுத்தி, மறுபடி ஓட வைப்பவர். இதற்கு நம் ஊரில் வழி பிசியோதெரபி பட்டம். பிறகு விளையாட்டுப் பிசியோதெரபியில் மேற்படிப்பு. பிளஸ் ஒன்னில் உயிரியல் எடுக்காத பிள்ளைக்கு இந்த வழி அப்போதே அடைபடுகிறது. நம் பிள்ளைகள் படிக்கும் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் பிரிவு இருக்கிறதா, பாடம் நடத்த ஆசிரியர் இருக்கிறாரா என்று கேட்பது பெற்றோரின் வேலை. நம் இயக்கங்களின் வேலையும்கூட.

பணத்துக்கு அஞ்ச வேண்டாம். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீத இடஒதுக்கீடு உண்டு; அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம். பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கேட்கலாம். சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டையும் தேர்வு முடிவுக்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வையுங்கள். பள்ளிப் போட்டிச் சான்றிதழ் ஒன்றைக்கூடத் தொலைக்காதீர்கள்; இடம் கேட்கும்போது அதுதான் சாட்சி.

நம் பிள்ளைகள் ஓடுவதில் குறை வைத்ததில்லை. அணியில் யார் பெயர் வர வேண்டும் என்று எழுதும் பேனாவும் அவர்கள் கைக்கு வர வேண்டும். அதற்கான படிப்பு எது என்ற பேச்சைப் பத்தாம் வகுப்பு முடியும் முன்பே வீட்டில் தொடங்குங்கள்.