பற்றரித் துளைப்பானும் உப்புக்காற்றும்

திருகோணமலையின் உட்துறைமுகக் கரை தொடக்கம் கிண்ணியா, மூதூர் வரை, படகு திருத்துவோரிடமும் தச்சர்களிடமும் பற்றரியில் இயங்கும் துளைப்பான் இன்று சாதாரணப் பொருளாகிவிட்டது. கயிற்றை இழுத்துச் சுழற்றிய பழைய துரப்பணத்தின் இடத்தை மின்துளைப்பான் பிடித்தது. இப்போது அதன் மின்வடமும் கழன்றுவிட்டது. வடத்தோடு ஆபத்தும் போய்விட்டது என்று பலர் எண்ணுகின்றனர்.

அந்த எண்ணத்தில் பாதி உண்மை உண்டு. ஈர மணலில் வெறுங்காலுடன் நின்று, 230 வோல்ற் மின்சாரத்தை நீண்ட வயரில் கொண்டுவந்து படகைத் துளைப்பது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. வயரின் உறை ஓரிடத்தில் கிழிந்திருந்தாலே போதும். 18 வோல்ற் பற்றரி அத்தகைய மின்னதிர்ச்சியைத் தராது. கடலோரத்துக்கு இந்தக் கருவி ஒரு வரப்பிரசாதம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆபத்து இடம் மாறியிருக்கிறது. வடத்திலிருந்து பற்றரிக்குள் புகுந்திருக்கிறது.

இந்தக் கருவி விண்வெளி ஆய்வின் பயனாகப் பிறந்தது என்று அடிக்கடி எழுதப்படுகிறது. அது சரியன்று. அமெரிக்காவின் பிளாக் அன்ட் டெக்கர் நிறுவனம் 1961ஆம் ஆண்டிலேயே நிக்கல்-காட்மியம் பற்றரியில் இயங்கும் துளைப்பானை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1971இல் அப்பல்லோ 15 விண்வெளி வீரர்கள் நிலவில் பயன்படுத்திய துளைப்பான் அதற்குப் பின்னர் வந்ததே. (நிலவின் மண்ணிலும் அந்தத் துளைகுழாய் இறுகிப்போய், அதை வெளியே இழுக்க இருவரும் பெரும்பாடு பட்டனர்.) 2005ஆம் ஆண்டளவில் லிதியம் அயன் பற்றரி பெரிய துளைப்பான்களுக்கும் வந்து சேர்ந்தது.

இந்த மாற்றத்தை நமது பழக்கம் இன்னும் பின்தொடரவில்லை. நிக்கல்-காட்மியம் பற்றரியை முற்றாகத் தீர்த்த பின்னரே மின்னேற்ற வேண்டும் என்று அக்காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். லிதியம் பற்றரிக்கு அது கேடு. கருவி தளரத் தொடங்கியதும் நிறுத்தி மின்னேற்றுவதே முறை. பல வாரங்கள் வேலை இல்லையெனில், பாதியளவு மின்னேற்றி, கருவியிலிருந்து கழற்றி, குளிர்ச்சியான உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும்.

குளிர்ச்சியான இடம் என்பது கிழக்கில் எளிதில் கிடைப்பதன்று. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரையின் கீழும், பூட்டிய முச்சக்கரவண்டிப் பெட்டிக்குள்ளும் வெப்பம் எவ்வளவு ஏறும் என்பதை வாசகர் அறிவர். பெரும்பாலான மின்னேற்றிகளுக்கு உற்பத்தியாளர் விதிக்கும் எல்லை 40 பாகை செல்சியஸ் அளவிலேயே நிற்கிறது. வேலை முடிந்ததும் சூடான பற்றரியை அப்படியே மின்னேற்றியில் செருகாமல் அரைமணி நேரம் ஆறவிட வேண்டும். இரவு முழுவதும் மின்னேற விட்டு உறங்குவதும், மெத்தை, துணி, மரத்தூள் அருகே மின்னேற்றுவதும் தவிர்க்கப்பட வேண்டியவை.

நம்மவர்க்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. கனடாவிலிருந்து வரும் உறவினர் அன்போடு ஒரு துளைப்பானைக் கொண்டுவருகிறார். அந்நாட்டின் வீட்டு மின்சாரம் 120 வோல்ற். அங்கு விற்கப்படும் மின்னேற்றிகளில் பல அந்த அளவுக்கு மட்டுமே ஆனவை. அவற்றை முனை மாற்றியின் துணையுடன் நமது 230 வோல்ற் மின்சாரத்தில் செருகினால், மின்னேற்றி கருகும், தீயும் பிடிக்கலாம். முனை மாற்றி செருகியின் வடிவத்தைத்தான் மாற்றுகிறது, வோல்ற் அளவை அன்று. அடிப்புறத்தில் 100-240 என்று அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே செருக வேண்டும். மேலதிக பற்றரிகளை விமானத்தில் கைப்பையில் மட்டுமே கொண்டுவரலாம் என்பதையும் அனுப்புவோருக்குச் சொல்லிவையுங்கள்.

கடல்நீரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். படகிலிருந்து நழுவிக் கடலில் விழுந்த பற்றரியை வெயிலில் காயவைத்து மீண்டும் பயன்படுத்துவதை விட ஆபத்தான சிக்கனம் வேறில்லை. உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். காய்ந்த பின்னும் உள்ளே தங்கும் உப்பு இணைப்புகளை அரித்து, குறுஞ்சுற்றை உண்டாக்கும். 2022இல் புளோரிடாவைத் தாக்கிய இயன் சூறாவளியில் கடல்நீர் புகுந்த மின்கார்கள் சில, நாட்கள் கழித்துத் தாமாகவே தீப்பற்றின. கையிலுள்ளது சிறிய பற்றரிதான்; ஆனால் இரசாயனம் அதே வகையைச் சேர்ந்தது. கடலில் விழுந்ததையும் வீங்கியதையும் வெடித்த உறையுடையதையும் மின்னேற்றக் கூடாது. வீட்டுக்கு வெளியே, எரியக்கூடியவற்றிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். ஆணிகளும் திருகாணிகளும் கிடக்கும் பையில் நல்ல பற்றரியைக்கூடப் போடலாகாது. முனைகளை உலோகம் இணைத்தால் அதுவும் குறுஞ்சுற்றே.

பெற்றோல் ஆவி மற்றொரு பகை. நமது மீனவரின் வெளியிணைப்பு இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடினாலும் அவற்றைக் கிளப்பப் பெற்றோல் வேண்டும். சாதாரணத் துளைப்பானின் மோட்டார் சுழலும்போது அதிலுள்ள கரித்துண்டுகளில் பொறி பறக்கும். காற்றுத் துளைகள் வழியே அது கண்ணுக்கும் தெரியும். எரிபொருள் தாங்கியை அகற்றி, படகின் அடித்தளத்தைக் காற்றாட விட்ட பின்னரே துளையிட வேண்டும்.

கையாளும் முறையில் பெரும்பாலானவை அனுபவசாலிகள் அறிந்தவையே. ஆனால் ஒன்றை அவர்களும் மறக்கிறார்கள்: துளைமுனையை மாற்றுமுன் பற்றரியைக் கழற்றுவது. வடமுள்ள கருவியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுகிறோம். இதிலோ மின்சாரம் எப்போதும் உள்ளேயே காத்திருக்கிறது. 18 வோல்ற் கருவிகளில் பல 50 நியூட்டன் மீற்றருக்கு மேல் முறுக்குவிசை கொண்டவை. ஒரு மீற்றர் நீளக் கம்பியின் நுனியில் ஐந்து கிலோ எடையைத் தொங்கவிட்டது போன்ற விசை அது. துளைமுனை தகட்டை ஊடறுக்கும் கணத்தில் சிக்கினால், முறுகுவது மணிக்கட்டு. ஆகவே தகட்டை இறுக்கிப் பிணைத்து, குறைந்த வேகத்தில், பக்கக் கைப்பிடியையும் பற்றித் துளையிட வேண்டும். சாரத்தின் தொங்கலும் தளர்ந்த கையுறையும் சுழலும் முனைக்கு அருகே வரக் கூடாது. பைபர் படகைத் துளைக்கும்போது கண்ணாடியும் முகக்கவசமும் இன்றியமையாதவை. கண்ணாடியிழைத் தூள் கண்ணையும் மூச்சுக்குழாயையும் உறுத்தும்.

வேலை முடிந்ததும் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்து, காற்றுத் துளைகளைத் தூரிகையால் துப்புரவாக்கி, துளைமுனையைக் கவ்வும் தாடைகளில் ஒரு துளி எண்ணெய் விட்டால் போதும். குழாய்நீரைப் பீய்ச்சிக் கழுவக் கூடாது. ஓய்ந்துபோன பற்றரியைக் கடலிலோ குப்பையிலோ எறியாமல், மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற இலத்திரனியல் கழிவு சேகரிப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும். பழைய நிக்கல்-காட்மியம் பற்றரி வைத்திருப்போர் இதில் மேலும் கண்டிப்பாக இருக்க வேண்டும், காட்மியம் நஞ்சு.